பேரம் பேசுவது நமக்குப் புதுசா?
(கூட்டமைப்பின் மகளிர் தின விழாவில் மில்லர்புரம் உறுப்பினர் பேசியதன் எழுத்து வடிவம்)



நான் ஒட்டப்பிடாரம் பக்கத்துக் கிராமத்தில் பிறந்து, மில்லர்புரத்துக்கு வாக்கப்பட்டு வந்தவள். படிப்பு பத்தாம் வகுப்பு. குழுவில் சேர்ந்து ஒன்பது வருஷம் ஆகிறது. போன தை மாசம் எங்க வீட்டுக்கு ஒரு புது சரக்கு வண்டி எடுத்தோம். நாம குட்டி யானைன்னு சொல்லுவோமே, அந்த அளவு வண்டி. அதில் இருந்து குழுவில் யாரைப் பார்த்தாலும் "எப்படிம்மா இவ்வளவு குறைச்சு வாங்கினே?" என்று கேட்கிறார்கள். ஒவ்வொருத்தருக்கும் தனித்தனியாகச் சொல்வதை விட, இங்கே எல்லாருக்கும் சேர்த்துச் சொல்லிவிடு என்று தலைவி அக்கா சொன்னார்கள். அதனால்தான் இந்த மைக்கைப் பிடித்திருக்கிறேன்.

எங்க வீட்டில் அவுக பதினாலு வருஷமா அடுத்தவங்க வண்டி ஓட்டினாக. விடியக்காலம் மூணு மணிக்கு மீன்பிடித் துறைமுகத்துக்குப் போய் மீன் பெட்டி ஏத்தி, திருநெல்வேலி மார்க்கெட்டில் இறக்கிட்டு வரணும். வாடகை வண்டிக்காரருக்கு. சம்பளம் மட்டும் நமக்கு. மூத்தவள் வர்ற வருஷம் பிளஸ் ஒன். சொந்தமா ஒரு வண்டி இருந்தா அந்த வாடகை நம்ம வீட்டுக்கு வருமே என்பதுதான் யோசனை. ஆனால் வண்டி எடுப்பது விளையாட்டுக் காரியம் இல்லை. தவணை தவறினால் வண்டி போகும், கட்டின பணமும் போகும். வண்டி நின்னாலும் வட்டி நிக்காது. அதனால் வாங்கும்போதே ஒவ்வொரு ரூபாயையும் பார்த்துத்தான் வாங்க வேண்டும்.

பேரம் பேசுவது நமக்குப் புதுசா? ஏலக்கூடத்தில் ஒரு பெட்டி சாளைக்கு எத்தனை பேச்சுப் பேசுகிறோம்! மாட்டுச் சந்தையில் துண்டுக்குள்ளே விரலைப் பிடித்து விலை பேசுவார்கள். பக்கத்தில் நிற்பவனுக்குக் கூடத் தெரியாது. அந்தக் காலத்தில் முத்து வியாபாரிகளும் அப்படித்தான் விலை பேசினார்கள் என்பார்கள். அப்படிப்பட்ட கடற்கரை நம்மது. ஆனால் ஏ.சி. போட்ட ஷோரூமுக்குள் போனதும், கண்ணாடிக் கதவைப் பார்த்ததும் நம் வாய் அடைத்துப் போகிறது. தாளில் அச்சடித்த விலை என்றால் அது மாறாது என்று நினைத்துக்கொள்கிறோம். மாறும். எது மாறும், எது மாறாது என்று தெரிந்துகொண்டால் போதும்.

முதலில், கடைக்குப் போவதற்கு முன்னால் வீட்டில் செய்ய வேண்டிய வேலை.

எந்த வண்டி என்பதை ஷோரூமில் போய் முடிவு செய்யக் கூடாது. அங்கே போனால் பெரிய வண்டிதான் அழகாகத் தெரியும். நாங்கள் ஒரு மாசம் நோட்டுப் போட்டு எழுதினோம். ஒரு நடைக்கு எத்தனை பெட்டி, ஐஸோடு சேர்த்து எவ்வளவு எடை, எவ்வளவு தூரம், டீசல் எவ்வளவு, டோல் எவ்வளவு. திருநெல்வேலி போனால் வாகைகுளம் டோல், மதுரைப் பக்கம் போனால் புதூர் பாண்டியாபுரம் டோல். எல்லாம் எழுதிப் பார்த்ததில் முக்கால் டன் வண்டி எங்களுக்குப் போதும் என்று தெரிந்தது. பெரிய வண்டி எடுத்திருந்தால் தவணையும் பெரிசு, பாதி வண்டி காலியாக ஓடியிருக்கும்.

இன்னொரு விஷயமும் தெரிந்துகொள்ளுங்கள். மொத்த எடை, அதாவது வண்டியும் சரக்கும் சேர்த்து, 3,000 கிலோவுக்கு மேல் போகாத சரக்கு வண்டிக்குப் பெர்மிட் தேவையில்லை. அதைத் தாண்டினால் பெர்மிட் எடுக்க வேண்டும். லைசென்ஸ் விஷயத்திலும் குழப்பம் வேண்டாம். 7,500 கிலோவுக்குட்பட்ட வண்டியை இலகுரக வாகன லைசென்ஸை வைத்தே ஓட்டலாம் என்று 2024 நவம்பரில் உச்ச நீதிமன்றம் உறுதியாகச் சொல்லிவிட்டது.

அடுத்தது வருமானக் கணக்கு. நம்ம கரையில் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடைக்காலம். அந்த ரெண்டு மாசமும் விசைப்படகு கடலுக்குப் போகாது. மீன் லோடு இல்லை. ஆனால் வங்கிக்குத் தடைக்காலம் கிடையாது. இதை யோசிக்காமல் வண்டி எடுக்கக் கூடாது. நாங்கள் யோசித்தது என்னவென்றால், மீன் இல்லாத அந்தக் கோடையில்தான் உப்பளத்தில் வேலை மும்முரம். ஐப்பசி, கார்த்திகை மழையில் உப்பளம் நிற்கும், அப்போது மீன் ஓடும். அதனால் கடைகளுக்குப் பாக்கெட் உப்பு போடுகிற ரெண்டு பேரிடம் முன்கூட்டியே பேசி வைத்தோம். அதற்குப் பிறகுதான் ஷோரூம் பக்கம் போனோம்.

மீன் தொழிலில் இருக்கிற சகோதரிகள் கடனுக்கு அலைவதற்கு முன்னால் மீன்வளத் துறை அலுவலகத்தில் ஒரு வார்த்தை கேளுங்கள். பிரதமரின் மத்ஸ்ய சம்பதா திட்டத்தில் ஐஸ் பெட்டி வைத்த மூன்று சக்கர வண்டி, இருசக்கர வண்டி இதற்கெல்லாம் மானியம் வைத்திருக்கிறார்கள். பெண்களுக்கு 60 சதவீதம். உங்கள் தொழிலுக்கு அது பொருந்தினால் அதைவிடப் பெரிய தள்ளுபடி எந்த ஷோரூமிலும் கிடைக்காது.

இப்போது எப்போது வாங்குவது என்பதைச் சொல்கிறேன்.

போன ஆகஸ்டிலேயே எங்களுக்கு வண்டி எடுக்கிற எண்ணம் வந்துவிட்டது. அப்போது ஜிஎஸ்டி குறையப் போகிறது என்று டிவியில் சொன்னார்கள். பொறுத்திருந்தோம். 2025 செப்டம்பர் 22 முதல் சரக்கு வண்டிக்கு ஜிஎஸ்டி 28 சதவீதத்தில் இருந்து 18 சதவீதமாகக் குறைந்தது. வரி போடாத விலை 4,50,000 என்று வைத்துக்கொள்ளுங்கள். 28 சதவீதம் என்றால் வரி 1,26,000. 18 சதவீதம் என்றால் 81,000. ஒரே வண்டிக்கு 45,000 வித்தியாசம். ஆனால் இது அரசாங்கம் குறைத்தது, கடைக்காரர் குறைத்தது இல்லை. "ஜிஎஸ்டியே இவ்வளவு குறைஞ்சிருக்கே மேடம், இன்னும் தள்ளுபடி கேக்கீங்களே" என்று எங்களிடமும் சொன்னார்கள். அது வேறு, இது வேறு என்று புரிந்துகொண்டு பேச வேண்டும்.

பிறகு மார்கழி. மார்கழியில் புது வண்டி எடுக்கக் கூடாது என்பது நம்ம வழக்கம். எங்க அத்தையும் அதைத்தான் சொன்னாக. ஆனால் மார்கழியில் விலை பேசக் கூடாது என்று யாரும் சொல்லவில்லையே! எல்லாரும் தை பிறக்கட்டும் என்று இருப்பதால் அப்போது ஷோரூமில் கூட்டம் இல்லை. ஆங்கில வருஷக் கடைசி வேறு. அந்த வருஷம் தயாரான வண்டி தேங்கிக் கிடந்தால் அவர்களுக்குத்தான் கஷ்டம். சேல்ஸ் பார்க்கிற பிள்ளைகளுக்கு மாசக் கடைசியில் இத்தனை வண்டி விற்க வேண்டும் என்று கணக்கு இருக்கும். அதனால் மார்கழியில் பேசி முடித்து, அச்சாரம் கொடுத்து, பொங்கல் கழிந்து வண்டி எடுப்பதாக முடிவு செய்தோம். அத்தைக்கும் சந்தோஷம், நமக்கும் விலை.

ஒன்றை மட்டும் கவனியுங்கள். 2025-ல் தயாரான வண்டியை 2026-ல் எடுத்தாலும் ஆர்.சி. புத்தகத்தில் தயாரிப்பு வருஷம் 2025 என்றுதான் இருக்கும். ரெண்டு மூணு வருஷத்தில் விற்கிறவர்களுக்கு அது நஷ்டம். பத்து வருஷம் ஓட்டப் போகிற நமக்கு அது பெரிசில்லை. ஆனால் அதைச் சொல்லித்தான் தள்ளுபடி கேட்க வேண்டும்.

இனி விலைச்சீட்டுக்கு வருகிறேன். கொட்டேஷன் என்று தருவார்களே, அது.

"ஆன்ரோடு எவ்வளவு?" என்று மொத்த விலை கேட்டு வந்துவிடாதீர்கள். ஒவ்வொரு வரியாகப் பிரித்து, கடை சீல் போட்டுத் தாளில் தரச் சொல்லுங்கள். நாங்கள் ரெண்டு கடையில் வாங்கினோம். நம்ம குழு செயலாளர் அக்காவும் எங்க மதினியும் கூட வந்தாக. வீட்டில் அவுக வரத் தயங்கினாக. "கடையில போயி ரூவாய்க்கு நிக்கிறது ஒரு மாதிரி இருக்கும்" என்றாக. "வண்டியப் பத்தி நீங்க பாருங்க, தாளப் பத்தி நாங்க பாக்கோம்" என்று சொல்லித்தான் கூட்டிப் போனோம்.

முதல் கடையில் தந்த தாளில் வண்டி விலை 5,31,000. அதற்குக் கீழே பதிவுக் கட்டணம், சாலை வரி, இன்சூரன்ஸ் 34,000, ஹேண்டிலிங் 8,500, அக்சஸரீஸ் 14,000 என்று வரிசையாக இருந்தது. செயலாளர் அக்கா பேனாவை எடுத்தாக.

"தம்பி, இதுல எதுக்கெல்லாம் கவர்மெண்டு ரசீது வரும்?"

"பதிவுக்கும் ரோடு டாக்ஸுக்கும் வரும் மேடம்."

"அப்போ அந்த ரெண்டையும் விட்டுருவோம். அதுல ஒரு ரூவா கூட நாங்க கேக்க மாட்டோம். மத்ததப் பேசுவோம்."

இதுதான் முதல் பாடம். அரசாங்கத்துக்குப் போகிற பணம் குறையாது. ரசீதில் உள்ளபடி கட்டிவிட வேண்டும். மற்ற எல்லா வரியும் பேசக் கூடியது.

ஹேண்டிலிங் என்றால் என்ன என்று கேட்டோம். கம்பெனி குடோனில் இருந்து ஷோரூமுக்குக் கொண்டு வருகிற செலவு என்றார் தம்பி. "கடைக்குச் சரக்கு கொண்டு வர்றது கடைக்காரர் பொறுப்பு இல்லையா? ஏலக்கூடத்துல மீன் வாங்குனா, படகுக்கு டீசல் போட்ட காச எங்கிட்டயா கேக்காக?" என்றாக மதினி. அந்தத் தம்பிக்கே சிரிப்பு வந்துவிட்டது. அந்த 8,500-ஐ அடித்துவிட்டார்கள்.

அடுத்தது இன்சூரன்ஸ். இன்சூரன்ஸை ஷோரூமிலேயே எடுக்க வேண்டும் என்று கட்டாயம் இல்லை. எந்தக் கம்பெனியிலும் நாமே எடுக்கலாம். இதில் ரெண்டு பகுதி இருக்கிறது. மூன்றாம் நபர் காப்பீடு என்பது அரசு நிர்ணயித்த தொகை, எங்கே போனாலும் ஒன்றுதான். நம் வண்டிக்கு ஏற்படுகிற சேதத்துக்கான பகுதிதான் கம்பெனிக்குக் கம்பெனி மாறும். வெளியே கேட்டதில் 26,500-க்குக் கிடைத்தது. 7,500 மிச்சம். ஆனால் குறைவாக இருக்கிறதே என்று கண்ணை மூடிக்கொண்டு எடுக்கக் கூடாது. காப்பீட்டு மதிப்பு என்று ஒன்று போட்டிருப்பார்கள். வண்டி போய்விட்டால் நமக்கு வரப் போகிற பணம் அது. புது வண்டிக்கு அது விலையை விட 5 சதவீதம் போலத்தான் குறைவாக இருக்க வேண்டும். அந்த மதிப்பைக் குறைத்துவிட்டு பிரீமியம் குறைவு என்று காட்டினால் அது லாபம் இல்லை. ரெண்டு தாளிலும் மதிப்பு ஒன்றாக இருக்கிறதா என்று பார்த்துத்தான் ஒப்பிட வேண்டும்.

இந்த இடத்தில் பெண்களாகிய நாம் முக்கியமாக ஒன்று கேட்க வேண்டும். கடன் நம் பெயரில், வண்டி நம் பெயரில். ஓட்டுவது வீட்டுக்காரர். பாலிசியில் உரிமையாளர்-ஓட்டுநர் விபத்துக் காப்பீடு என்று 15 லட்சம் போட்டிருக்கும். அது வண்டிக்கு உரிமையாளர் தானே ஓட்டும்போது அவருக்குத்தான். அதுவும் அவரிடம் லைசென்ஸ் இருந்தால்தான். நம் பெயரில் வண்டி இருந்து, அவுக ஓட்டும்போது ஏதும் ஆனால் அந்த 15 லட்சம் அவுகளுக்கு வராது. ஓட்டுகிறவருக்கு என்று தனியாகச் சேர்க்கச் சொல்ல வேண்டும். நாங்கள் அதையும் சேர்த்துத்தான் அந்த 26,500. விடியக்காலம் மூணு மணிக்கு ரோட்டில் போகிற மனுஷன். இதைக் கேட்காமல் வரலாமா?

அடுத்து அக்சஸரீஸ் 14,000. சீட் கவர், பாட்டுப் பெட்டி, முன்னால் கம்பி, மிதியடி, அடியில் துருப்பிடிக்காத பூச்சு. இதில் நமக்கு வேண்டியது எது? உப்புக் காத்து, மீன் தண்ணி, உப்பு மூட்டை. இந்த ஊரில் வண்டியைத் தின்பது துருதான். அதனால் அந்தப் பூச்சு மட்டும் 5,000-க்குப் போதும் என்றோம். 9,000 மிச்சம்.

அப்போது அவர்கள், "சரி மேடம், மத்ததெல்லாம் இலவசமாத் தாறோம், விலையில மட்டும் கை வைக்காதீங்க" என்றார்கள். இலவசம் என்றதும் எனக்கு எங்க ஊர்ப் பெரியவர் வ.உ.சி. ஞாபகம்தான் வந்தது. 1906-ல் அவர் சுதேசிக் கப்பல் கம்பெனி தொடங்கி தூத்துக்குடிக்கும் கொழும்புக்கும் கப்பல் விட்டார். அதை ஒழிக்க வெள்ளைக்காரன் கம்பெனி கட்டணத்தைக் குறைத்தது. அப்புறம் ஓசிப் பயணம், கூடவே ஒரு குடையும் இனாம் என்றது. குடை நமக்கு நல்லதுக்கா கொடுத்தான்? இலவசம் என்று ஒருவர் தரும்போது எதைக் கேட்காமல் இருக்க அதைத் தருகிறார் என்று பார்க்க வேண்டும். "சீட் கவர் வேண்டாம் தம்பி, அதுக்குள்ள ரூவாய விலையில குறைச்சுக் குடுங்க" என்று சொல்லிவிட்டோம்.

கடைசியாக வண்டி விலை. அதில் குறைக்கவே முடியாது என்றார்கள். நாங்கள் சண்டை போடவில்லை. இரண்டாவது கடையில் 15,000 தள்ளுபடி எழுதிக் கொடுத்த தாளை மேசையில் வைத்துவிட்டு, பேசாமல் இருந்தோம். சகோதரிகளே, பேரத்தில் பேச்சுக்கு எவ்வளவு பலமோ, பேசாமல் இருப்பதற்கும் அவ்வளவு பலம். நாம் சும்மா இருந்தால் எதிரில் இருப்பவர்தான் பேசுவார். மேனேஜர் வந்தார். 10,000 என்றார்.

"அண்ணாச்சி, வண்டி நவம்பர்ல தயாரானது. நாங்க தையில எடுக்கோம். ஆர்.சி.யில ஒரு வருசம் பழசாத்தான் இருக்கும். எங்க கூட்டமைப்புல எத்தனையோ பேரு வண்டி எடுக்கணும்னு இருக்காக. நாளைக்கு அவுக எங்கிட்டதான் கேப்பாக. உங்களால முடிஞ்ச கடைசி விலையச் சொல்லுங்க. சரியா வந்தா இன்னைக்கே அச்சாரம். இல்லன்னா வருத்தம் இல்ல, நாங்க வாறோம்" என்று சொல்லி எழுந்தோம்.

எழுந்தது நடிப்பு இல்லை. உண்மையாகவே இரண்டாவது கடைக்குப் போகத்தான் எழுந்தோம். போக மனசில்லாமல் எழுந்தால் அது முகத்தில் தெரிந்துவிடும். சாயங்காலம் போன் வந்தது. 18,000 குறைத்து எழுதித் தந்தார்கள்.

மொத்தம் பாருங்கள். வண்டி விலையில் 18,000, ஹேண்டிலிங் 8,500, அக்சஸரீஸில் 9,000, இன்சூரன்ஸில் 7,500. ஆக 43,000 ரூபாய். யாரையும் திட்டவில்லை, யாரையும் ஏமாற்றவில்லை. அந்தத் தம்பியும் நம்ம வீட்டுப் பிள்ளை மாதிரிதான், அவருக்கும் வேலை நடக்க வேண்டும். மரியாதையாகக் கேட்டோம், தாளை வைத்துக் கேட்டோம். அவ்வளவுதான்.

அச்சாரம் கொடுக்கும்போது விலை, வண்டியின் வகை, நிறம், தயாரான மாசம், எடுக்கிற தேதி, தை மாசம் விலை ஏறினாலும் இதே விலை என்கிற வார்த்தை, வண்டி வராவிட்டால் அச்சாரம் திரும்ப வரும் என்கிற வார்த்தை எல்லாம் எழுதி வாங்கினோம். பணத்தை ரொக்கமாகக் கொடுக்காமல் வங்கி வழியாகவே கொடுத்தோம். குழுவில் பத்து ரூபாய் சேமிப்புக்கும் நோட்டில் கையெழுத்து வாங்குகிற நாம், லட்சத்துக்கு வாய் வார்த்தையை நம்பலாமா?

இப்போது கடன். விலையில் மிச்சப்படுத்தியதை இதில் விட்டுவிடுகிறவர்கள் நிறைய. அதனால் கொஞ்சம் பொறுமையாகக் கேளுங்கள்.

ஷோரூமிலேயே ஒருவர் மேசை போட்டு உட்கார்ந்திருப்பார். "7 சதவீதம்தான் மேடம், பேங்க்ல 10 சதவீதம் கேப்பாங்க" என்பார். 7 குறைவா, 10 குறைவா என்று கேட்டால் சின்னப் பிள்ளையும் 7 என்றுதான் சொல்லும். ஆனால் அந்த 7 சதவீதம் ஃபிளாட் வட்டி. வங்கியின் 10 சதவீதம் குறையும் வட்டி.

4 லட்சம், 4 வருஷம் என்று வைத்துக்கொள்வோம். ஃபிளாட்டில் வருஷத்துக்கு 28,000, நாலு வருஷத்துக்கு 1,12,000 வட்டி. மாசத் தவணை 10,667. மொத்தம் கட்டுவது 5,12,000. வங்கியில் 10 சதவீதக் குறையும் வட்டியில் மாசத் தவணை 10,145. மொத்தம் 4,86,960. அதாவது 7 சதவீதம் என்று சொன்ன கடனில் நாம் 25,000 ரூபாய் அதிகம் கட்டுகிறோம்! காரணம் இதுதான். ஃபிளாட் வட்டியில், நாம் கட்டக் கட்ட அசல் குறைந்தாலும் வட்டி முதல் நாள் வாங்கிய 4 லட்சத்துக்கே ஓடும். கடைசி மாசம் பத்தாயிரம்தான் பாக்கி என்றாலும் 4 லட்சத்துக்கு வட்டி. அதைக் குறையும் வட்டியாக மாற்றிப் பார்த்தால் பன்னிரண்டரைக்கும் மேலே வரும். நம்ம குழு உள்கடனில் பாக்கிக்கு மட்டும் வட்டி போடுகிறோமே, அதுதான் குறையும் வட்டி. நமக்குத் தெரிந்த கணக்குத்தான்.

வட்டி எத்தனை என்று கேட்காதீர்கள். "மாசம் எவ்வளவு, எத்தனை மாசம், மொத்தம் எவ்வளவு கட்டணும்?" என்று கேளுங்கள். பெருக்கிப் பார்த்தால் பூனை வெளியே வந்துவிடும். இன்னொன்று, 2024 அக்டோபர் 1-ல் இருந்து இப்படிப்பட்ட கடனுக்கு எல்லாச் செலவும் சேர்த்த உண்மையான வருஷ வட்டியை ஒரு தாளில் எழுதித் தர வேண்டும் என்று ரிசர்வ் வங்கி விதி போட்டிருக்கிறது. முக்கிய விவரத் தாள் என்று கேளுங்கள். அதைக் காட்டாமல் கையெழுத்துக் கேட்டால் போடாதீர்கள். வெறும் தாளில், நிரப்பாத படிவத்தில் கையெழுத்துப் போடவே போடாதீர்கள்.

நாங்கள் முத்ரா திட்டத்தில் வங்கியில் 4 லட்சம் எடுத்தோம். அதில் 5 லட்சம் வரை கிஷோர் என்ற வகை. சொத்து அடமானம் கேட்கவில்லை. ஒன்பது வருஷக் குழுப் பாஸ்புத்தகத்தையும் வாடகை எழுதின நோட்டையும் காட்டியதில் வங்கிக்கு நம்பிக்கை வந்தது. மீதிக்குக் குழு உள்கடன் 60,000, சீட்டுப் பணம், என் வளையல் ஒரு ஜோடி அடகு. வளையல் இன்னும் திரும்பவில்லை. திருப்பிவிடுவேன்.

ஒரு முக்கியமான விஷயம். விலை பேசி முடிக்கும் வரை கடனா, ரொக்கமா என்று கடையில் சொல்லாதீர்கள். முதலில் விலை, அப்புறம் கடன். ரெண்டையும் ஒன்றாகப் பேசினால் விலையில் குறைத்ததைத் தவணையில் ஏற்றிவிடுவார்கள், நமக்குத் தெரியாது.

வண்டி எடுக்கிற நாளில் மாலை, எலுமிச்சம்பழம், தேங்காய் எல்லாம் இருக்கட்டும். அதற்கு முன்னால் பார்க்க வேண்டியவை: சேஸிஸ் நம்பரும் இன்ஜின் நம்பரும் பில்லில் உள்ளதோடு பொருந்துகிறதா, படிவம் 21 என்கிற விற்பனைச் சான்றிதழ், படிவம் 22, அதில் தயாரான மாசம் இருக்கும், எத்தனை கிலோமீட்டர் ஓடியிருக்கிறது, ஸ்டெப்னி, ஜாக்கி, ரெண்டு சாவி. இதை எல்லாம் பார்த்த பிறகு எலுமிச்சம்பழத்தில் ஏற்றுங்கள். எங்கள் வண்டிக்கு டிஎன் 69 நம்பர் வந்துவிட்டது. எஃப்.சி. ரெண்டு வருஷத்துக்கு. இன்சூரன்ஸ் வருஷா வருஷம். கடன் முடிந்ததும் வங்கியிடம் படிவம் 35 வாங்கி ஆர்.டி.ஓ. அலுவலகத்தில் கொடுத்து, ஆர்.சி.யில் இருக்கிற வங்கி பெயரை நீக்க வேண்டும். அதுவரை வண்டி முழுசா நம்முடையது இல்லை.

இந்த மாசத்தோடு ரெண்டு தவணை கட்டியாகிவிட்டது. ஏப்ரல் 15 வந்தால் தடைக்காலம். அதுதான் எங்களுக்குப் பரீட்சை. ரெண்டு மாசத் தவணைக்கான பணத்தில் பாதியை இப்போதே தனியாகக் கணக்கில் போட்டு வைத்திருக்கிறேன். விலையில் மிச்சமான 43,000 என்பது எங்களுக்கு நாலு மாசத் தவணை. அதனால்தான் இதை இவ்வளவு நேரம் சொன்னேன்.

கடைசியாக, கூட்டமைப்புக்கு ஒரு வேண்டுகோள். அலுவலகத்தில் ஒரு நோட்டு வைப்போம். வண்டியோ, மாவு அரைக்கிற கிரைண்டரோ, தையல் மெஷினோ, ஃபிரீசர் பெட்டியோ, எந்த உறுப்பினர் வாங்கினாலும் கடையில் தந்த முதல் தாளையும் கடைசித் தாளையும் அதில் ஒட்டி வைக்கட்டும். அடுத்து வாங்கப் போகிறவள் அதைப் பார்த்துவிட்டுப் போனால் அவள் தனியாகப் போவதாக ஆகாது. ரெண்டு மூணு பேர் ஒரே சமயம் வாங்குவதாக இருந்தால் சேர்ந்து போய்ப் பேசலாம். ஒரு வண்டிக்கு 18,000 குறைத்தவர்கள் மூணு வண்டிக்கு இன்னும் குறைக்க மாட்டார்களா? என்னுடைய ரெண்டு கொட்டேஷன் தாளையும் நகல் எடுத்துக் கொண்டு வந்திருக்கிறேன். அந்த நோட்டின் முதல் பக்கத்துக்காகத் தலைவி அக்காவிடம் தருகிறேன்.